இரண்டு இழைப்புளிகளும் உன் அம்மாவின் கையும்

முகிலா,

இதைச் செந்தூல் பட்டறையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். நாற்காலி பக்கத்திலேயே இருக்கிறது, உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுகிறேன். உன் மேசை முடிந்துவிட்டதடா! மேல்பலகைக்கு எண்ணெய் பூசி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காய்ந்துவிட்டதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய் நின்று, பட்டறைக்காரர் லிம்மிடம் திட்டும் வாங்கியாயிற்று. “அக்கா, தொடாதீங்க லா, விரல் ரேகை விழுந்துடும். போய் வேற வேலை பாருங்க,” என்றார். வேறு வேலை என்ன இருக்கிறது? அவருடைய நோட்டிலிருந்து சில தாள்களைக் கிழித்துக்கொண்டு உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்பாய், நானும் முக்கியமானதை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குள் உனக்குச் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முதலில் நல்ல செய்தி: நம் சண்டைக்கு விடை கிடைத்துவிட்டது. விலை கூடிய இழைப்புளி விலை குறைந்ததைவிட நன்றாக இழைக்குமா? இழைக்கும் என்றாய் நீ. அதெல்லாம் ஏமாற்று வேலை என்றேன் நான். யார் சொன்னது சரி என்று கடைசித் தாளுக்குத் தாவாதே. வரிசையாகப் படி.

கவிதாவிடமும் இதைக் காட்டுவாய் என்று தெரியும். நம் வீட்டுக்கு வரப்போகிற பெண், அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கட்டும் என்று முதலிலிருந்தே சொல்கிறேன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரம் பார்க்கிற வேலை செய்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகக் கடுகளவுப் பாகங்களைப் பார்த்து, இது சரி, இதைத் தள்ளு என்று பிரிக்க வேண்டும். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் கை துறுதுறு என்றது. செருப்பு வைக்க ஒரு சின்ன அலமாரி செய்யலாம் என்று பின்கட்டில் மரம் அறுக்க ஆரம்பித்தேன். அப்பாவுக்கு டிவியில் செய்தி கேட்கவில்லையாம். “ஒன்னு அந்த ரம்பம் போகணும், இல்ல நான் போகணும்,” என்றார். ரம்பத்தையும் என்னையும் சேர்த்து நானே கிளப்பிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, செந்தூலுக்கு வர ஆரம்பித்தேன். ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம். நாள் வாடகைக்கு ஒரு வேலை மேசை கிடைக்கும். லிம் இங்கே ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

மரத்தை வழவழப்பாக்க எனக்கு ஒரு இழைப்புளி தேவைப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்துப் பலகை மேல் தள்ளினால், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அலகு மரத்தை மெல்லிய சுருளாகச் சீவி எடுக்கும். போனிலேயே தேடி, இருப்பதில் விலை குறைந்ததை வரவழைத்தேன். சுருள் வரவில்லை, தூள்தான் வந்தது. பலகையைத் தடவினால் பூனை பிறாண்டியது போல இருந்தது. அழுத்தித் தள்ளினால் மாட்டிக்கொள்ளும், மெல்லத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். “குடுங்க அக்கா, பாக்குறேன்,” என்று லிம் கேட்பார். “வேணாம் பாஸ், நானே பாத்துக்குறேன்,” என்பேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? இப்படியே ஆறு மாதம் போனது. பக்கத்து மேசைக்காரர்களுக்கெல்லாம் சுருள் சுருளாக விழும்போது எனக்கு மட்டும் விழவில்லை என்றால், வேறு என்ன நினைப்பேன்? கையில் தெம்பு போய்விட்டது, இந்த வயசில் புதிதாக எதுவும் படியாது என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் ஒரே ஒரு தரம், தோசை ஊற்றிக்கொண்டே, சிரித்தபடி, “எனக்குக் கை வரலடா,” என்றேன். நீ இன்னொரு தோசை கேட்டாய்.

அடுத்த மாதம் என் பிறந்தநாளுக்கு அந்தப் பெட்டியோடு வந்தாய். கவிதாவும் வந்திருந்தாள். “என்னடா, பெட்டி இவ்ளோ கனமா இருக்கு?” என்றேன். “தொறந்து பாருங்கம்மா,” என்றாய். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய இழைப்புளி, கண்ணாடி போல மின்னியது. எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. போனை எடுத்து விலையைத்தான் பார்த்தேன்.

“இந்த விலைக்கு ஒரு இழைப்புளியா? கல்யாணச் செலவ வெச்சிக்கிட்டு உனக்கு என்னடா பைத்தியமா?”

“நல்லா வேலை செய்யும்மா. லிம் அங்கிள்கிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்.”

“கை தெரிஞ்சவங்க எதுல வேணா இழைப்பாங்க. எனக்கே வரல, இதுல மட்டும் வந்துருமா? பேரு போட்டு ஏமாத்துறான் கடைக்காரன், நீயும் போய் ஏமாந்துட்டு வந்திருக்க.”

அந்த நேரம் பார்த்து, சமையல்கட்டிலிருந்து அப்பா குரல் கொடுத்தார், “கெத்தாம் வாங்கிட்டு வந்திருக்கானாமே, இன்னிக்குக் குழம்பா, சம்பாலா?” லிம்மோடு நீ போனில் கெத்தாம், கெத்தாம் என்று பேசியதை அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். மலாயில் இழைப்புளிக்கும் கெத்தாம்தான், நண்டுக்கும் கெத்தாம்தான் என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது! கவிதா சிரிக்கத் தொடங்கி, உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “விடுங்கம்மா. வேணாம்னா வெச்சிருங்க,” என்று சொல்லிவிட்டு, கேக் வெட்டியதும் கிளம்பிப் போனாய். நான் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். அதற்கப்புறம் மூன்று மாதம், வாரா வாரம் வந்தாய், வீட்டு விஷயம் எல்லாம் பேசினாய். பட்டறை எப்படிப் போகிறது என்று மட்டும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. நானும் கவனிக்காதது போல இருந்தேன். கவனித்தேன் முகிலா.

பிறகு உங்களுக்குக் காஜாங்கில் வீடு கிடைத்தது. சாப்பாட்டு மேசை மட்டும் இன்னும் வாங்கவில்லை என்று கவிதா சொன்னதும், யோசிக்காமல், “நான் செய்றேன்,” என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை என்ன செய்வது? நியாத்தோ மரத்தில் ஐந்து பலகை வாங்கி ஒட்டினேன். செம்மண் நிறம், பார்க்கப் பார்க்க அழகு. ஒட்டிய பிறகு அகலம் கூடிவிட்டது, லிம்மின் மெஷினுக்குள் போகாது, கையால்தான் இழைக்க வேண்டும். என் இழைப்புளியை எடுத்துத் தள்ளினேன். பலகை நடுவில் இழை எதிர்ப்பக்கம் ஓடும் இடத்தில் மரம் சில்லுச் சில்லாகப் பிய்ந்துகொண்டு வந்தது. உங்கள் வீட்டில் நீங்கள் தினமும் சாப்பிடப்போகிற மேசை! கையில் சில்லை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். லிம் வந்து பக்கத்தில் நின்றார்.

“அக்கா, உங்க மகன் வாங்கின கெத்தாம் எங்க?”

“வீட்ல இருக்கு பாஸ். அதுல மட்டும் என்ன வந்துரப்போகுது?”

“அந்தப் பையன் இங்க ஒரு மணி நேரம் நின்னான், தெரியுமா? ஒவ்வொன்னா எடுத்துத் தூக்கிப் பாத்தான். அம்மா கைக்கு எது கனமா இருக்காதுன்னு கேட்டான். நீங்க தோட்டத்துல போடுற பழைய கையுறைய எடுத்துட்டு வந்து, கைப்பிடி சரியா இருக்கான்னு அளந்து பாத்தான் லா. அத நீங்க தொடவே இல்லியா?”

கையுறை காணாமல் போய்த் திரும்பக் கொடியில் தொங்கியபோது, காற்றடித்து விழுந்ததை அப்பா எடுத்து மாட்டியிருப்பார் என்று நினைத்திருந்தேன். லிம் சொன்னதைக் கேட்டதும் மூக்கைச் சிந்திவிட்டு, மரத்தூசி என்றேன். அவர் நம்பிய மாதிரி தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டரில் வந்தேன். லிம் அலகைக் கல்லில் நாலு தரம் தீட்டச் சொன்னார். தீட்டினேன். பலகை மேல் வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். முகிலா, சத்தமே வேறடா! பட்டுத் துணியைக் கிழித்தது போல ஒரே நீளமாக ஸ்ஸ்ர்ர் என்று ஒரு சத்தம். பலகையின் இந்த முனையில் தொடங்கிய சுருள் அந்த முனைவரை அறுபடாமல் எழுந்து என் மணிக்கட்டில் விழுந்தது. எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தேன், அதன் வழியாக லிம்மின் முகம் தெரிந்தது! “வந்துருச்சு! பாஸ், வந்துருச்சு!” என்று நான் போட்ட கூச்சலில், பக்கத்து மேசைக்காரர் யாருக்கோ கை அறுந்துவிட்டது என்று மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அவர் கையிலும் ஒரு சுருளைக் கொடுத்தேன். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவே இல்லை. இழைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் ஒரே நாளில் தீர்ப்பு எழுதுகிற வேலையை நான் முப்பது வருஷம் பார்க்கவில்லை. அதே பலகை, அதே கை, பழைய இழைப்புளியை எடுத்துத் தள்ளினேன். மறுபடியும் தூள். “அப்புறம் என்ன அக்கா, மகன் ஜெயிச்சான்,” என்றார் லிம். “இருங்க பாஸ். இது ஏன் தோக்குதுன்னு பாக்கணும்,” என்றேன். பிரித்துப் போட்டேன். அடிப்பாகத்தில் இரும்பு அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நடுவில் குழி, வெளிச்சம் புகுந்து வருகிறது. அலகின் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ரம்பப் பல். அலகின் மேல் படிந்து உட்கார வேண்டிய தகடு படியவே இல்லை, இடுக்கில் பழைய மரத்தூள் அடைத்துக்கொண்டிருக்கிறது. தொழிற்சாலையில் இப்படி ஒரு பாகம் வந்திருந்தால் முதல் பார்வையிலேயே தள்ளியிருப்பேன். ஊரார் செய்ததையெல்லாம் சோதித்தவள், என் கையில் இருந்த பொருளை இத்தனை மாதத்தில் ஒரு தரம்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. என் கைதான் சரியில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதைச் சரிசெய்ய இரண்டு ஞாயிறு முழுசாகப் போனது. தட்டையான கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பாகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினேன். தகட்டை அரத்தால் ராவினேன். அலகைத் தீட்டித் தீட்டி விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது. மூன்றாவது ஞாயிறு அதிலும் சுருள் வந்ததடா! அதே மெல்லிசு, அதே சத்தம்! உடனே ஒரு போட்டி வைத்தேன். ஒரே நியாத்தோ துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றை உன்னுடையதாலும் மற்றதை என்னுடையதாலும் இழைத்து, பின்பக்கம் பென்சிலில் குறித்துவிட்டு, லிம்மைக் கண்ணை மூடித் தடவச் சொன்னேன். தலையைச் சாய்த்து, பெரிய வைத்தியர் நாடி பார்ப்பது போலத் தடவினார். “இதுதான் விலை கூடினது. சந்தேகமே இல்ல,” என்றார். திருப்பிக் காட்டினேன். அது என்னுடையது! “இன்னொரு தரம், இன்னொரு தரம்,” என்று கேட்டு, இன்னொரு தரமும் தப்பாகவே சொன்னார். பட்டறையே சிரித்தது. அன்றைக்கு அவர்தான் எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது தீர்ப்பைக் கேள். சரிசெய்துவிட்டால் மரத்துக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வகையில் நான் சொன்னது சரி. ஆனால் உன் மேசையை இழைத்து முடிப்பதற்குள் என்னுடைய அலகை நாலு தரம் தீட்ட வேண்டியிருந்தது, உன்னுடையதை ஒரே தரம். அலகை ஏற்றி இறக்கும் திருகு என்னுடையதில் ஆட்டம் காட்டும், உன்னுடையது சொன்ன இடத்தில் நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், என்னுடையதைச் சரிசெய்யக் கை பழகியிருக்க வேண்டும். நல்ல இழைப்புளி எப்படி இழைக்கும், எப்படிச் சத்தம் போடும் என்று உன்னுடையதைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் என்னுடையதில் என்ன குறை என்றே எனக்குத் தெரிந்தது. அது இல்லையென்றால், கை வரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அந்த வகையில் நீ சொன்னதுதான் சரி. எனக்கு மட்டும் மதிப்பெண் போடும் உரிமை கொடுத்தால், உனக்கே கூடுதலாகப் போடுவேன்.

போட்டி நடந்த அன்று சாயங்காலம், அதே சந்தோஷத்தில் கொமுட்டரில் உட்கார்ந்து கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுபாங் ஜெயாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் பூப்பந்து ராக்கெட் பைகளை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அவ்வளவுதான், என் சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. நீ பதினைந்து வயதில் மூன்றாம் பாரம் படித்தபோது பள்ளி பூப்பந்துக் குழுவில் இருந்தாய். நல்ல ராக்கெட் கேட்டாய். நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், பொம்மைக் கடைக்குப் பக்கத்தில் தொங்கியதை வாங்கிக் கொடுத்தேன். பணம் இல்லாமல் அல்ல. அந்த மாதம்தான் கூடத்துக்குப் புதுத் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்தேன். விளையாடுவது கைதானே, ராக்கெட்டா விளையாடுகிறது என்று உன்னிடம் சொன்னேன். மாவட்டப் போட்டியன்று நானும் மேலே உட்கார்ந்து பார்த்தேன். நீ ஓடாத இடமில்லை. ஆனால் நீ ஓங்கி அடித்ததெல்லாம் வலை தாண்டியதும் தொப்பென்று விழுந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் சன்னலைப் பார்த்துக்கொண்டு, “எனக்குக் கை வரலம்மா,” என்றாய். “ஆமா, பயிற்சி பத்தல,” என்றேன். அடுத்த வாரம் குழுவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் உன் பயிற்சியாளர் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார். “அக்கா, உங்க பையன் கை நல்ல கை. அந்த ராக்கெட்தான் அவனக் கெடுக்குது. மாத்திக் குடுங்க,” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். செய்யவில்லை. நீ தோற்ற பிறகு, தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்வதைவிட, உனக்குக் கை வரவில்லை என்று நீ நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. நல்ல கை என்று ஒருவர் சொன்னதை இத்தனை வருஷம் உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன். மாதக்கணக்கில் அதே வார்த்தையை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தலைகுனிந்து நின்ற பிறகுதான், பதினைந்து வயதில் உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது. தெரிந்தவர்கள் எதை வைத்தும் சமாளிப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையில்தான் நல்லதைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தப்பு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் தலைகீழாகச் செய்தேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு முகிலா. உன் கை நல்ல கை. பதினேழு வருஷம் பிந்திச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு அம்மா என்ன புத்தி சொல்வாள் என்று நீயும் கவிதாவும் பந்தயம் கட்டியிருப்பீர்கள். அதிகம் இல்லை. உங்கள் இருவரில் யாராவது, எனக்கு இது வராது என்று சொன்னால், ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் வாங்கிப் பாருங்கள். கவிதாவுக்குச் சமையல் வராது என்று அவளே சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் அம்மா வீட்டு அடுப்பு ஒரு பக்கம்தான் எரிகிறது, அந்த வீட்டுக் கத்தியால் தக்காளியை நசுக்கத்தான் முடியும், போன மாதம் நானே பார்த்தேன். நல்ல கத்தி ஒன்று வாங்கிக் கொடு. உனக்கும் ஒன்று வாங்கிக்கொள், வெங்காயம் நீ நறுக்கு. அப்புறம், அவள் உனக்கு ஏதாவது வாங்கி வந்தால், விலையைப் பார்க்கப் போனை எடுக்காதே. நம் வீட்டு வியாதி உன்னோடு போகவேண்டாம்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் பண்டமாரானில் இருக்கிற சரோஜா அக்கா, துறைமுகத்தில் என் தங்கையோடு வேலை பார்த்தாளே, அவள் நான் சொல்லிச் சொல்லி இன்றுதான் முதல் தடவையாகப் பட்டறைக்கு வந்தாள். வாசலிலேயே, “எனக்கு இதெல்லாம் வராது லா, சும்மா பாத்துட்டுப் போறேன்,” என்று ஆரம்பித்தாள். லிம் வழக்கம்போலப் பட்டறைப் பொது இழைப்புளியை எடுத்து நீட்டினார். நான் நடுவில் புகுந்து, “அது வேணாம் பாஸ்,” என்றேன். உன் பெட்டியைத் திறந்து, நீ வாங்கிக் கொடுத்ததை எடுத்து, அலகைத் தீட்டி, அவள் கையில் வைத்தேன். நான் என் பழையதை எடுத்துக்கொண்டேன். இனிமேல் யார் புதிதாக வந்தாலும் அப்படித்தான், லிம்மிடம் சொல்லிவிட்டேன். உனக்குச் சம்மதம்தானே?

சரோஜா முதல் தரம் தள்ளியபோது வழுக்கியது. இரண்டாவது தரம் தோளைத் தளர்த்தச் சொன்னேன். மூன்றாவது தரம் சுருள் எழுந்து நெளிந்து அவள் கைமேல் விழுந்தது. “ஐயோ, வருது! இங்க பாரேன், வருது!” என்று கத்தினாள், நான் கத்தியதைவிடச் சத்தமாக. பிறகு இழைப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது ரொம்ப நல்ல சாமானா இருக்கே, யாரோடது?” என்று கேட்டாள்.

பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “என் மகன் எனக்காகப் பாத்துப் பாத்து வாங்கினது,” என்றேன்.

அன்புடன்,
அம்மா